பெயர் சொன்னால் முங்கும் பூங்காவனம்

பெருங்குளத்தில் முக்குளிப்பான் என்கிற நீர்ப்பறவை ஒருத்தி இருந்தாள். பெயர் பூங்காவனம். தேங்காய் மூடி அளவு உடம்பு. குளக்கரைக் கல்லூரியின் நீச்சல் துறையில் பன்னிரண்டு வருடமாகக் குஞ்சுகளுக்கு முங்கக் கற்றுக்கொடுத்து வந்தாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முங்கிவிடுவாள். திட்டினாலும் முங்குவாள், பாராட்டினாலும் முங்குவாள். பாராட்டினால் கொஞ்சம் அதிக நேரம். ஒருமுறை ஆண்டு விழாவில், ‘சிறந்த ஆசிரியை பூங்காவனம்’ என்று அறிவித்தார்கள். அவள் எதிர்க்கரையில் கோரைக்கு நடுவே போய் எழுந்தாள். கைதட்டல் அங்கேயும் நன்றாகத்தான் கேட்டது. பரிசைத் தாண்டவராயன் வாங்கி வைத்துக்கொண்டார்.

தாண்டவராயன் ஒரு நாரை. நீச்சல் துறையின் தலைவர். அவருக்கு நீந்தத் தெரியாது. முழங்கால் நனையும் இடத்தில் ஒற்றைக்காலில் நிற்பார். தலைவர் என்றால் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் எண்ணம். தாண்டவராயன் மூன்று வயலுக்கு அப்பாலிருந்தும் தெரிவார். பூங்காவனம் பக்கத்தில் இருந்தாலே தெரியமாட்டாள்.

துறையின் ஆண்டறிக்கையை அவள்தான் எழுதுவாள். தாமரை இலையில் முள்ளால் கீறிக் கீறி எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். தாண்டவராயன் அலகால் கீழே ஒரு கோடு போடுவார். அது கையெழுத்து.

“உன் எழுத்து மாதிரி யாருக்கும் வராதும்மா” என்பார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் அடுத்த அறிக்கையையும் எழுதிவிடுவாள். அவளுடைய விலை அவ்வளவு மலிவு. அது அவளுக்கும் தெரியும்.

அந்த வருடம் தலைவர் பதவிக்காலம் முடிந்தது. பௌர்ணமிக்குள் விண்ணப்பிக்கலாம் என்று முதல்வர் ஆமை அறிவித்தார். தாண்டவராயன் பூங்காவனத்தைக் கூப்பிட்டார். அவள் முங்கி, வேறு இடத்தில் எழுந்து, நீந்தி வந்தாள்.

“என் விண்ணப்பத்தை எழுதிடு. கடைசியில ஒரு வரி சேர்த்துக்கோ. அடுத்த வருஷத்துலேருந்து முங்கற வகுப்பு கிடையாது.”

“ஏங்கய்யா?”

“பழைய பாடம்மா அது. ஆழம் ஆபத்து. பிள்ளைங்களுக்கு நிக்கத் தெரிஞ்சா போதும்.”

பூங்காவனம் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். போன கோடையில் பருந்து இரண்டு வாத்துக் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டும் தாண்டவராயனின் நிற்கும் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவை. பருந்து வந்தபோதும் அவை அசையாமல் அழகாக நின்றன. முங்கத் தெரிந்த குஞ்சுகள் எல்லாம் பிழைத்தன.

இதைச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

“எத்தனை இலையில எழுதணுங்கய்யா?” என்று கேட்டாள்.

அன்று மாலை முதல்வர் ஆமை இன்னொரு செய்தி சொல்லி அனுப்பினார். ஆலமரத்தடியில் கல்லூரிப் பெண் ஆசிரியர்களுக்குத் தலைமைப் பயிற்சி முகாம். ஒவ்வொரு கல்லூரியும் ஒருத்தியை அனுப்பியே ஆக வேண்டும். குளக்கரைக் கல்லூரியில் இருந்ததே ஒருத்திதான். ஆகவே அவளைத் தேர்ந்தெடுப்பதில் சிரமம் இருக்கவில்லை.

“மூணு நாள். சாப்பாடு உண்டு” என்றார் ஆமை. “ஒண்ணும் பெரிசா இருக்காது. போயிட்டு வந்துடு.”

பூங்காவனமும் சாப்பாட்டை நினைத்துத்தான் கிளம்பினாள். முக்குளிப்பானுக்குக் கால்கள் உடம்பின் பின்பக்கம் இருக்கும். நீரில் அது துடுப்பு. தரையில் நாலடிக்கு ஒருமுறை குப்புற விழ வேண்டியதுதான். தலைமைப் பயிற்சிக்கு அவள் இப்படி விழுந்து விழுந்து போய்ச் சேர்ந்தாள். பையில் தாண்டவராயனின் விண்ணப்பம் இருந்தது. ஓய்வு நேரத்தில் திருத்தலாம் என்று எடுத்து வந்திருந்தாள்.

முகாமை நடத்தியவள் மரகதம் என்கிற தவிட்டுக்குருவி. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்தேதான் எங்கும் போகும். மரகதம் பேச, மற்றவை பின்னால் கிளையில் உட்கார்ந்து “ஆமா, ஆமா” என்று கத்திக்கொண்டிருந்தன. பூங்காவனத்துக்கு இடப்பக்கம் கீரி வீராயி. மலையடிவாரக் கல்லூரியில் பாம்புத் துறை ஆசிரியை. வலப்பக்கம் அணில் அஞ்சலை. தோப்புக் கல்லூரியில் விதைத் துறை.

“எங்க துறைத் தலைவர் ஓணான்” என்றாள் வீராயி. “பாம்புன்னு சொன்னாலே மரத்துல ஏறிக்குவாரு. நீ பயப்படாதே பூங்காவனம், முட்டை திங்கற பேச்சை மூணு நாளைக்கு எடுக்க மாட்டேன்.”

பெயரைக் கேட்டதும் பூங்காவனம் முங்கப் பார்த்தாள். ஆலமரத்தடியில் நீர் ஏது? குடிப்பதற்கு வைத்திருந்த மண்கிண்ணம் ஒன்றுதான் இருந்தது. அதற்குள் தலையை விட்டுக்கொண்டாள். மீதி உடம்பு வெளியே நின்றது.

“நீ இங்கதான் இருக்கே, எங்களுக்குத் தெரியுது” என்றாள் அஞ்சலை, பின்பக்கத்தைப் பார்த்து.

மூச்சு முட்டி அவள் வெளியே வந்தாள். யாரும் சிரிக்கவில்லை. தவிட்டுக்குருவிகள் மட்டும் கொஞ்சம் சிரித்தன.

“சரி, ஒவ்வொருத்தரும் இத்தனை வருஷமா என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க” என்றாள் மரகதம்.

பூங்காவனத்தின் முறை வந்தது. “ஏதோ... சும்மா பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மன்னிக்கணும், எங்கிட்ட சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல.”

சாப்பாட்டு இடைவேளையில் அவள் ஓரமாக உட்கார்ந்து விண்ணப்பத்தைத் திருத்தினாள். வீராயி கழுத்தை நீட்டிப் படித்தாள். பிறகு சத்தமாகவே படித்தாள்.

“‘இருநூறு குஞ்சுகளுக்கு முங்கும் பயிற்சி. குளத்தின் அடித்தரை முழுவதற்கும் வரைபடம். பருந்து வரும் நேரங்களின் பட்டியல்.’ அடேயப்பா! யாரு இது? இவரு காலைத் தொட்டுக் கும்பிடணும்போல இருக்கே.”

“எங்க தலைவர்” என்றாள் பூங்காவனம் பெருமையாக.

மரகதம் பறந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “இருநூறு குஞ்சுக்கும் அவரா சொல்லிக்கொடுத்தாரு?”

“அவரு எப்படி? அவருக்கு நீந்த வராதே. அது நான்.”

“வரைபடம்?”

“அடியில போனாத்தானே போட முடியும். அதுவும் நான்தான்.”

“பருந்துப் பட்டியல்?”

“அது... நான்தான் குறிச்சு வெச்சேன்.”

“அப்ப அவரு என்ன செஞ்சாரு?”

பூங்காவனம் நன்றாக யோசித்தாள். “நின்னாரு” என்றாள்.

ஆலமரமே சிரித்தது. வீராயி புரண்டு புரண்டு சிரித்தாள். பூங்காவனத்துக்கு முதலில் சுருக்கென்றது. இலையைத் திரும்பப் படித்தாள். பன்னிரண்டு வருடமாக அவள் ஒரு கதை எழுதிவந்திருக்கிறாள். அதில் முழங்காலுக்கு மேல் நனையாத ஒரு மாவீரன் குளத்தின் அடிவரை போய் வருகிறான். கதை அவ்வளவு நன்றாக இருந்ததால் எழுதியவளே நம்பிவிட்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தாண்டவராயனின் பெயரை முள்ளால் கீறி அழித்தாள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்பதுதான் கடினமாக இருந்தது. தன் பெயரின் ஆறு எழுத்தை எழுத அரை நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் முழுக்க நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை. மண்கிண்ணத்தை அஞ்சலை கவிழ்த்துவைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். வீராயி “பூங்காவனம், பூங்காவனம்” என்று நூறு தடவை கூப்பிட்டாள். நாற்பதாவது தடவைவரை பூங்காவனம் மண்ணில் முட்டிக்கொண்டாள். நூறாவது தடவை கழுத்து மட்டும் நடுங்கியது.

“இங்க தண்ணி இல்ல, அதனால நிக்கிறேன்” என்றாள் அவள். “அங்க குளம் இருக்குமே.”

“நாங்களும் இருப்போம்” என்றாள் வீராயி. “நேர்முகத் தேர்வு அன்னிக்கு நான் கிழக்குக் கரை, அஞ்சலை மேற்குக் கரை. நீ எங்க எழுந்தாலும் எங்கள்ல ஒருத்தி இருப்போம். தப்பிக்க முடியாது.”

திரும்பி வந்ததும் பூங்காவனம் தாண்டவராயனிடம் போனாள். வழியில் மூன்று முறை முங்கினாள்.

“ஐயா, நானும் விண்ணப்பிக்கிறேன்.”

“எதுக்கு?”

“தலைவருக்கு.”

தாண்டவராயன் தூக்கி வைத்திருந்த காலைக் கீழே விட்டார். “நீயா? அப்ப என்னோடதை யாரு எழுதறது?”

அதுதான் அவருடைய ஒரே கவலை. பூங்காவனத்துக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. பயிற்சி முடித்தும் பழக்கம் விடவில்லை. “நீங்க சொல்லுங்கய்யா, நானே எழுதறேன்” என்றாள்.

தாண்டவராயன் கண்ணை மூடி யோசித்தார். வெயில் ஏறி இறங்கியது. கடைசியில், “பன்னிரண்டு வருஷம் விடாம நின்னேன்னு போடு” என்றார். அவள் அதை அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். வேறு எதுவும் சேர்க்கவில்லை. சேர்க்காமல் இருக்க அலகை இறுக மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

நேர்முகத் தேர்வு கரையோரப் பாறையில் நடந்தது. முதல்வர் ஆமை நடுவில். இரண்டு பக்கமும் கல்லூரிக் குழுவின் இரண்டு தவளைகள். தாண்டவராயன் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தார். நிற்பதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

“பூங்காவனம்” என்று கூப்பிட்டார் ஆமை.

பூங்காவனம் முங்கினாள்.

நீரில் வட்டம் வட்டமாக அலை போயிற்று. தவளைகள் ஒன்றையொன்று பார்த்தன. “நான் சொல்லலே?” என்றார் தாண்டவராயன் மெதுவாக. “கூச்ச சுபாவம். தலைமைக்கெல்லாம் சரிப்படாது.”

நீருக்கடியில் பூங்காவனம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். மூன்று நாள் சாப்பாடு சாப்பிட்டாயே, நாற்பது தடவை முட்டிக்கொண்டாயே, என்ன பிரயோஜனம்? திட்டிக்கொண்டே நீந்தி மேற்குக் கரைக் கோரைக்குள் எழுந்தாள். பழக்கமான இடம். யாருக்கும் தெரியாது. ஆண்டு விழாவன்றும் இங்கேதான் எழுந்தாள்.

கோரைத் தண்டில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். “பாறை இங்க இல்ல. திரும்பு.”

பூங்காவனம் முங்கினாள். கிழக்குக் கரையில் எழுந்தாள். வீராயி மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “வாம்மா. முட்டையைப் பத்திப் பேசலாமா?”

பூங்காவனம் மறுபடி முங்கினாள். இனி எழுவதற்கு வேறு கரை இல்லை. குளத்தின் நடு ஆழத்தில், அவளே வரைபடம் போட்ட அடித்தரையின் மேல், கொஞ்ச நேரம் மிதந்தாள். இங்கே முங்கி வரத் தெரியாமல் போனால் அடுத்த கோடையில் குஞ்சுகள் எங்கே ஒளியும்?

பாறைக்கு நேர் எதிரே எழுந்தாள். தலையில் ஒரு கொத்துப் பாசி இருந்தது.

‘மன்னிக்கணும்’ என்ற வார்த்தை அலகுவரை வந்தது. அதை மீனை விழுங்குவதுபோல விழுங்கினாள்.

“நான் பூங்காவனம்” என்றாள். தன் பெயரைத் தானே சொன்னால் முங்கத் தோன்றுவதில்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தாள். “ஆழம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரேன். நடுக்குளத்துல நாலு நாரை ஆழம். பருந்து வந்தா அத்தனை பிள்ளைங்களும் ஒளியலாம். முங்கத் தெரிஞ்சிருந்தா.”

ஆமை தாண்டவராயனைப் பார்த்தார். “நீங்க பாத்திருக்கீங்களா?”

“இங்கேருந்தே தெரியும்” என்றார் தாண்டவராயன்.

குழு வெகுநேரம் பேசியது. ஒரு தவளை, தூரத்திலிருந்து தெரியவேண்டாமா என்று கேட்டது. மற்றது, போன கோடையை நினைத்துப் பார்த்தது. கடைசியில் பூங்காவனத்தைத் தலைவராக்கினார்கள். ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாக. தாண்டவராயனைப் பன்னிரண்டு வருடம் நிரந்தரமாக வைத்திருந்தவர்கள்தான்.

முதல் துறைக் கூட்டம் நடந்தது. தேவானை என்ற தாழைக்கோழி புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பூங்காவனம் தொண்டையைச் செருமினாள். “யாராவது குறிப்பெடுத்துக்கோங்க.”

சொல்லும்போதே அவள் அலகு தேவானையின் பக்கம் திரும்பியிருந்தது. தேவானை ஏற்கெனவே இலையையும் முள்ளையும் எடுத்துவிட்டாள். யாரும் சொல்லாமலே எடுத்தாள்.

பூங்காவனத்துக்குக் காது சுட்டது. யாரும் பெயரைச் சொல்லாமலே முங்கினாள். எழுந்தபோது தாண்டவராயனின் காலருகில் இருந்தாள்.

“ஐயா, இன்னிக்கு நீங்க எழுதுங்க.”

“என் எழுத்து கோணலா இருக்குமேம்மா.”

“எழுத எழுத வந்துடும். எனக்கு அப்படித்தான் வந்தது.”

தாண்டவராயன் முள்ளை எப்படிப் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கையில், பூங்காவனம் தேவானையிடம் திரும்பினாள். “அடுத்த மாசம் ஆலமரத்தடியில முகாம் இருக்கு. நீ போறே. சாப்பாடு நல்லா இருக்கும்.” கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள். “குடிக்கிற கிண்ணத்துல மட்டும் தலையை விட்டுடாதே.”

திறமை ஒருத்தியை ஆழம்வரை கொண்டுபோய்விடும். ஆனால் மேலே வந்து தன் பெயரைச் சொல்லி நிற்பதற்குப் பயிற்சியும் வேண்டும், திரும்பி ஓடவிடாமல் கரையில் காத்திருக்கும் தோழிகளும் வேண்டும்.