நிலப்படத்தில் இல்லாத மான்

குறும்பாறை மலைக்கு அதுதான் தன் பெயர் என்று தெரியாது. கீழே சமவெளியில் இருந்தவர்கள் வைத்த பெயர் அது. வைத்தவர்கள் யாரும் மேலே ஏறி வந்து அதனிடம் சொல்லவில்லை.

அந்த மலையின் நடுவயிற்றில் ஒரு பள்ளம் இருந்தது. மூன்று பக்கமும் பாறை, ஒரு பக்கம் மூங்கில். உள்ளே வற்றாத சுனை, சுனையைச் சுற்றிப் புல். அந்தப் புல்லில் ஒரு புள்ளிமான் முந்தின நாள் விடிகாலையில் குட்டி போட்டிருந்தது.

குட்டி எழுந்து நிற்கும். இரண்டு எட்டு வைக்கும். பிறகு யாரோ இரவல் கொடுத்த கால்கள் மாதிரி நாலும் நாலு பக்கம் மடங்கி, பொத்தென்று விழும்.

"சரி, விழுந்த இடத்துலயே படு கண்ணு. காதைக்கூட ஆட்டாதே. நான் வந்துதான் பால் குடுப்பேன், நீ தேடி வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தாய்மான் மூங்கில் பக்கம் போய் மேயும். பிள்ளை பெற்றவளுக்குப் படுத்துக் கிடக்க நேரம் ஏது? தின்றால்தான் பால் ஊறும். குட்டி ஓடப் பழக இன்னும் நாலைந்து நாளாகும். அதுவரைக்கும் தாயும் அந்தப் பள்ளத்தை விட்டு அசைய முடியாது.

அன்றைக்குப் பார்த்துத்தான் மலைக்கு ஆள் வந்தது.

வந்தவர் தீர்த்தகிரி, சமவெளியில் நிறைய நிலம் வைத்திருந்த பெரிய மிட்டாதார். மகளைக் கட்டிக் கொடுத்த சம்பந்தி வீட்டாருக்கு வேட்டை என்றால் உயிர் என்று யாரோ சொல்ல, "நம்ம மலையில மான் மந்தை மந்தையா மேயுது, அடுத்த வாரம் வந்துடுங்க" என்று வாய் நிறைய அழைத்துவிட்டார். அழைத்த பிறகுதான், தான் அந்த மலையில் ஒருநாளும் கால் வைத்ததில்லை என்பது அவருக்கு உறைத்தது. சம்பந்தி வருவதற்குள் மான் தங்குகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மானம் போகும். அதனால் மனைவியின் தம்பி வையாபுரியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டிருந்தார். வையாபுரியின் ஒரு தோளில் துப்பாக்கி, மறு தோளில் கட்டுச்சோறு. கட்டுச்சோறு இருந்த தோளைத்தான் அவன் பத்திரமாகப் பார்த்துக்கொண்டான்.

தீர்த்தகிரியின் கழுத்தில் ஒரு பைனாகுலர். காலடியில் ஒரு நாய், பெயர் டைகர். இடுப்பு வாரில் நிலப்படம்.

நிலப்படம் பட்டணத்தில் அச்சானது. காட்டுக்குப் பச்சை, ஓடைக்கு நீலம், மலையைச் சுற்றிச் சுற்றிக் கைரேகை மாதிரி பழுப்புக் கோடுகள். தெற்கு மூலை வெறிச்சென்று இருக்கிறதே என்று வரைந்தவர் அங்கே அழகுக்கு ஒரு கொம்புமானையும் போட்டுவைத்திருந்தார். தீர்த்தகிரி அதை வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் விரித்துக் காட்டியிருந்தார். விரித்து மடித்து, விரித்து மடித்து, இடுப்பு வேர்வையும் பட்டு, மடிப்புகள் கூடுகிற நட்டநடுவில் காகிதம் தேய்ந்து புளியங்கொட்டை அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது.

அந்த ஓட்டைக்குள் போனதுதான் பள்ளம், சுனை, மான், குட்டி எல்லாம்.

மலையடியில் நின்று தீர்த்தகிரி படத்தை விரித்தார்.

"எந்தப் பக்கமா ஏறணும் மாமா?" என்றான் வையாபுரி.

"கோட்டைப் பாரு மாப்பிள்ளே. இந்தப் பக்கம் எங்கியோ ஒண்ணு, எங்கியோ ஒண்ணு. அந்தப் பக்கம் பாரு, தலைமுடி மாதிரி நெருக்கமா எத்தனை கோடு! நெறையப் பாதை இருக்கிற பக்கமாப் போறதுதானே புத்தி?"

கோடுகள் நெருங்கினால் மலை செங்குத்து என்று நிலப்படத்துக்குத் தெரியும். அதன் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியும் இருந்தது. ஆனால் அது வாயைத் திறக்கவில்லை. 'எவ்வளவு ஆசையாக என்னைப் படிக்கிறார்!' என்று பூரித்துப்போய்க் கிடந்தது.

மூங்கிலுக்குள் நின்ற மான் அந்த வேடிக்கையைப் பார்த்தது. கூப்பிடு தூரத்தில் ஓடைத்தடம் இருக்கிறது. மழைக்காலத்தில் பன்றிகள் குட்டிகளை இழுத்துக்கொண்டு ஆடி அசைந்து ஏறுகிற தடம். அதை விட்டுவிட்டு ஒரு பெரிய மனிதர் பாறையைக் கட்டிப்பிடித்து வயிற்றால் ஏறிக்கொண்டிருந்தார்.

"இது பாதைன்னா மாமா, செவுத்துல பல்லி போறதும் ராஜபாட்டைதான்."

"பேசாம ஏறு. மேல போனா அகலமாகும்."

மானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'இதுங்களா என்னைப் பிடிக்கப் போவுது? முதல்ல தன் காலை எங்க வைக்கிறதுன்னு பார்க்கட்டும்' என்று புல்லை ஒரு வாய் இழுத்தது. அப்போது காற்று திரும்பியது. நாய் வாடை அடித்தது. மானின் வாயில் இருந்த புல் அப்படியே நின்றது.

ஒருவழியாக இருவரும் பள்ளத்துக்கு நேர் மேலே இருந்த பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். தீர்த்தகிரியின் வேட்டியில் பாதி பாறையிலேயே தங்கிவிட்டது. மூச்சு வாங்கி முடித்ததும் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

"எஜமானே, கீழ பள்ளத்துல பச்சைப்பசேல்னு இருக்கு" என்றது பைனாகுலர். "மூங்கிலுக்குள்ள ஒரு காது ஆடின மாதிரிகூடத் தெரியுது."

"எந்தப் பள்ளம்?" என்று நிலப்படம் குரலை உயர்த்தியது. அதற்கு எப்போதும் மேடைப் பேச்சுத்தான். "என்னிடத்தில் பள்ளம் எதுவும் குறிக்கப்படவில்லையே."

"உன் நடுவுல ஓட்டை விழுந்திருக்கே, அந்த இடம்தான்."

"அது ஓட்டை அன்று. அவ்விடத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை என்பதற்கான குறி."

"அப்ப என் கண்ணுக்குத் தெரியறது?"

"உன் கண்ணாடியில் தூசி."

தீர்த்தகிரி பைனாகுலரை இறக்கிவிட்டுப் படத்தைப் பார்த்தார். ஓட்டை வழியாக அவருடைய செருப்பின் நுனி தெரிந்தது. மறுபடி கீழே பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அங்க ஒண்ணுமில்ல மாப்பிள்ளே."

"மாமா, பச்சையாத் தெரியுதே. அது நீங்க மடிச்சு மடிச்சுத் தேஞ்ச ஓட்டை."

"தண்ணி, புல்லு ஏதாச்சும் இருந்தா பட்டணத்துக்காரன் போடாம விட்டிருப்பானா? பேச வந்துட்டான்." துண்டு நுனியால் பைனாகுலரின் கண்ணாடியை அழுத்தித் தேய்த்து, அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டார். பாவம், அது அன்று முழுக்க அவர் முதுகைத்தான் பார்த்தது.

நாய்க்குப் பொறுக்கவில்லை. "மான்! மான்! கீழதான்! பால் வாசம் அடிக்குது!" என்று பள்ளத்தைப் பார்த்துத் துள்ளித் துள்ளிக் குரைத்தது.

தீர்த்தகிரி நிலப்படத்தைச் சுருட்டி, நாயின் மூக்கில் ஒரு போடு போட்டார். "மான் இருக்கிறது தெற்கு மூலையில, கொம்போட போட்டிருக்கு. இந்தக் கழுதை பள்ளத்தைப் பார்த்துக் கத்துது."

"என் ஓரம் கசங்குகிறது" என்றது சுருண்டிருந்த படம். "இருந்தாலும் பரவாயில்லை. படிக்காத மூக்குக்கு இது தேவைதான்."

இருவரும் கட்டுச்சோற்றைப் பிரித்து உட்கார்ந்தார்கள். டைகரை யாரும் கூப்பிடவில்லை. மூக்கு ஒரு பக்கம் வலித்தது, மறு பக்கம் இழுத்தது. இழுத்த பக்கமே அது பாறையிடுக்கு வழியாகச் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டது.

மான் அதைப் பார்த்தது. ஓடினால் நாய் துரத்தும், துரத்தினால் குரைக்கும், குரைத்தால் மேலே இருக்கிற துப்பாக்கி முழித்துக்கொள்ளும். ஓடாவிட்டால் குட்டியைக் கண்டுபிடித்துவிடும். அது யோசிப்பதற்குள் நாய் புல்லை விலக்கி, குட்டியின் முதுகில் மூக்கை வைத்து முகர்ந்தேவிட்டது.

குட்டி காதைக்கூட ஆட்டவில்லை. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை.

மான் ஒரே தாவலில் வந்து இடையில் நின்றது. பயத்தை முகத்தில் காட்டவில்லை.

"இருக்கே! இருக்கே!" என்று நாய்க்கு மூச்சு முட்டியது. "நான் சொன்னேன்ல? ஒண்ணுக்கு ரெண்டு! இரு, இப்பக் குரைக்கிறேன் பாரு."

"குரை, வேணாங்கல" என்றது மான். "இப்பத்தானே குரைச்சே. என்ன குடுத்தாங்க?"

நாய் நாக்கை நீட்டி மூக்கை நக்கிக்கொண்டது. "அடி."

"மறுபடி குரைச்சா?"

"இந்தத் தடவை கண்ணால பார்ப்பாரு. மெச்சுவாரு."

"எதை மெச்சுவாரு? ஒண்ணுமில்லன்னு அவர் சொன்ன இடத்துல மானைக் காட்டி, 'நீங்க தப்பு எஜமானே'ன்னு மச்சினன் எதிர்லயே சொல்லப் போறே. அதை மெச்சுவாரா? பாறையில வயிறு தேய ஏறினப்பகூட, பாதை தப்புன்னு அவர் வாயில வந்துச்சா? அவரை நீ திருத்தப் போறியாக்கும்."

நாயின் வால் மெல்ல இறங்கியது. "ஆனா என் மூக்கு பொய் சொல்லாது."

"பொய் சொல்லுதுன்னு யாரு சொன்னா? நல்ல மூக்குத்தான். அந்த மூக்குக்கா அவர் சோறு போடறாரு?"

நாய் திரும்பிக் குட்டியைப் பார்த்தது. குட்டியின் வாயோரத்தில் பால் காய்ந்திருந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு மான் அதன் வாழ்நாளில் கிடைத்ததில்லை.

"நீ... மான்தானே?" என்று கடைசியாக ஒருமுறை கேட்டது.

"எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அவர் படத்துக்குத் தெரியுமா, அதைச் சொல்லு."

மேலேயிருந்து சீழ்க்கை வந்தது. "டைகர்! எங்கடா போய்த் தொலைஞ்சே?"

நாய் மேலே பார்த்தது, குட்டியைப் பார்த்தது. தொண்டையில் குரைப்பு ஏறி முட்டுவது மானுக்கே தெரிந்தது. ஒரு சின்ன உறுமல். அவ்வளவுதான். நாய் அந்தக் குரைப்பை எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டுப் பாறையிடுக்கில் ஏறியது.

"கீழே என்ன கண்டாய்?" என்று கேட்டது நிலப்படம்.

"ஒண்ணுமில்லீங்க" என்றது நாய்.

"பரவாயில்லை. உனக்கும் கொஞ்சம் படிப்பு ஏறுகிறது."

பிறகு எல்லோரும் தெற்கு மூலைக்கு நடந்தார்கள். அது மொட்டைப்பாறை. புல் இல்லை, நிழல் இல்லை, காக்கை உட்கார்ந்தாலும் கால் சுடும். தீர்த்தகிரி படத்தில் இருந்த கொம்புமானின் மேல் விரலை வைத்து, "இதுதான், இந்த இடமேதான்" என்றார். நாய் அவர் விரலைப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு வெறும் கல்லைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து குரைத்தது.

"கேட்டியா மாப்பிள்ளே! கேட்டியா!" தீர்த்தகிரிக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுச்சோற்றில் மிச்சமிருந்த கறித்துண்டை எடுத்து நாய்க்குப் போட்டார்.

"மாமா, மான் எங்க?"

"ஓடியிருக்கும். இல்லாமலா நாய் குரைக்குது?"

வையாபுரி அந்தக் கறித்துண்டு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது தனக்கென்று அவன் ஒதுக்கி வைத்திருந்தது.

அடுத்த வாரம் மொட்டைப்பாறையில் பந்தல் போட்டார்கள். சம்பந்தி வீட்டார் புதுத் துப்பாக்கிகளோடு வந்து, பொழுது முழுக்க வெக்கையில் பொரிந்தார்கள். மான் வரவில்லை. யாராவது கொட்டாவி விட்டால் தீர்த்தகிரி படத்தை விரித்துக் கொம்புமானைக் காட்டுவார். உடனே டைகர் குரைக்கும். கறித்துண்டு விழும். கடைசியில் சம்பந்திக்கும் கூச்சமாகிவிட்டது. இத்தனை பேருக்கு நடுவில் தனக்கு மட்டும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? "ஆமாமா, இப்பத்தான் ஓடுச்சு. வாலை நானே பார்த்தேன்" என்றார்.

"கொம்பு?" என்று ஆவலாகக் கேட்டார் தீர்த்தகிரி.

"கொம்புந்தான்."

மலைக்காற்றில் அந்தப் பேச்செல்லாம் மூங்கில் வரைக்கும் வந்தது. அங்கே மானும் குட்டியும் நின்றுகொண்டிருந்தன. குட்டி இப்போது நன்றாக ஓடும். சும்மா நிற்கச் சொன்னால்தான் கஷ்டம்.

"அம்மா, அந்த நாய் அன்னிக்கு என் முதுகுல மூக்கை வெச்சு முகர்ந்துச்சே. நாம இங்க இருக்கிறது அதுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன கண்ணு" என்றது தாய். "தெரியறதனாலதான் அங்க நின்னு அவ்வளவு சத்தமாக் குரைக்குது."