பின்னாலும் பாயும் சட்டம்

ஆறும் தன்னுடையது, அதன் இரு கரையும் தன்னுடையது என்று மீசை முறுக்கும் பாளையக்காரர் ஒருவர் இருந்தார். ஐப்பசி வெள்ளத்தில் தோணிக்காரி சடைச்சி அவரைக் கரையிலே நிறுத்திவிட்டு, பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை முதலில் ஏற்றிப் போனாள். கார்த்திகையில் அவர் ஒரு சட்டம் போட்டார்: "பாளையக்காரரைக் காக்க வைக்கும் தோணி பறிமுதல்." அன்றைக்கே சடைச்சியின் தோணியைச் சங்கிலியிட்டுப் பூட்டிவிட்டார்கள். அவளுக்குச் சோறு போட்டது அந்தத் தோணி ஒன்றுதான்.

சடைச்சி நேரே சபைக்குப் போனாள். "சாமி, நான் அந்தப் பிள்ளைத்தாச்சியை ஏத்தினது போன மாசம். சட்டம் வந்தது இன்னிக்கு."

"என் சட்டம் முன்னாலும் பாயும், பின்னாலும் பாயும்! கேட்க நீ யாரடி?"

"சரி சாமி. நாளைக்கே உங்க தம்பி இந்த ஆசனத்திலே உட்கார்ந்து, 'தோணியைப் பறிச்சவனுக்குக் கழுமரம்'னு சட்டம் போட்டா, அதுவும் பின்னாலே இன்னிக்கு வரைக்கும் பாயுமே?"

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த தம்பி, மெல்லுவதை நிறுத்தினார். "நல்ல யோசனைதான்" என்று சிரித்தார்.

பாளையக்காரருக்கு வியர்த்துவிட்டது. "யாரங்கே, ஓலையைக் கொண்டுவா! சட்டத்தில் 'இன்று முதல்' என்று சேர்த்து எழுது. சீக்கிரம் எழுது!"

சடைச்சி நகரவில்லை. "ஓலை எழுதுறவர் மெதுவா எழுதட்டும் சாமி. முதல்லே பூட்டுச் சாவியைக் கொடுக்கச் சொல்லுங்க. அக்கரையிலே ஆள் காத்திருக்கு."