அரசர் தலைக்கு மூன்று, பொக்கிஷதாரர் தலைக்கு ஒன்று

முத்துத்துறைக் கடலாட்டு விழாவுக்கு அந்த வருஷம் வெளியூர் ஆள் ஒருவரும் வரவில்லை. நடந்தது அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்பதுதான் கதை.

ரொம்பக் காலம் முன்னே அந்தக் கடற்கரை நாட்டை ஆண்டவன் கொற்றவேலன். நல்லவன். ஆனால் புகழ்ச்சி காதில் விழுந்தால் புத்தி வெளியே போய்விடும். அவன் நாட்டுக்கு விளைச்சல் கிடையாது. விழாவுக்கு வருகிற குன்றநாட்டுக்காரர்கள்தான் பிழைப்பு. அவர்கள் சுங்கச்சாவடியில் தங்கள் வெள்ளிக்காசைக் கொடுத்து, அரசர் தலை போட்ட காசை வாங்கிக்கொண்டுதான் ஊருக்குள் நுழையலாம். ஒன்றுக்கு ஒன்று. பாட்டன் காலத்து வழக்கம்.

ஒருநாள் அரசர் தன் காசையும் குன்றநாட்டு அரசன் தலை போட்ட காசையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "அந்தக் கோணல் மூக்கனும் நானும் ஒரே விலையா?" என்று கேட்டார்.

பொக்கிஷதாரர் கனகசபேசன் பக்கத்தில் நின்றார். மந்திரி பதவிமேல் அவருக்கு நெடுநாளாகக் கண். அரசே, உங்கள் முகத்துக்கு அவன் முகம் மூன்று வைத்தாலும் ஈடாகாது என்றார். இது வேண்டாம் என்று மந்திரி சொல்லிப் பார்த்தார். யார் கேட்டது? மறுநாளே சாவடியில் மூன்றுக்கு ஒன்று என்று பலகை தொங்கியது.

குன்றநாட்டுக்காரனுக்கு ஒருவேளைச் சோறு மூன்று வேளைச் சோற்றின் விலை ஆயிற்று. படகும் அப்படியே, படுக்கையும் அப்படியே. வந்தவன் பலகையைப் பார்த்தான், வண்டியைத் திருப்பினான்.

இதோடு போயிற்றா? நம் ஊர்ப் பணக்காரர்கள் ஒரு காசைச் சாவடியில் மாற்றினால் குன்றநாட்டுக் காசு மூன்று கிடைத்தது. எல்லோரும் குன்றநாட்டு அருவிக்குக் குளிக்கக் கிளம்பிவிட்டார்கள். முதல் வண்டியில் போனவர்கள் பொக்கிஷதாரரின் மனைவியும் மாமியாரும்.

விழாவன்று அரசர் யானைமேல் கடற்கரைக்கு வந்தார். வாழ்த்துச் சொல்ல நண்டுகள்தான் இருந்தன. கோபம் தலைக்கேறியது. மந்திரி விழாவைச் சரியாக அறிவிக்கவில்லை என்று பொக்கிஷதாரர் மெல்ல ஊதினார்.

அரசர் தீர்த்துச் சொன்னார்: "பங்குனி உத்திரத்துக்குள் இந்த ஊர் நிரம்ப வேண்டும், மந்திரி. என் தலை போட்ட காசின் மதிப்பில் கைவைக்கக் கூடாது. நிரம்பவில்லையென்றால் நீர் நாட்டை விட்டுப் போகலாம். உம்முடைய முத்திரை கனகசபேசனுக்கு."

வேறு ஆளாயிருந்தால் காலில் விழுந்திருப்பான். மந்திரி சரி என்று மட்டும் சொன்னார். பிறகு ஒன்று கேட்டார். வருகிறவர்களுக்கென்று தனியாக ஒரு விருந்தினர் காசு அடித்துக்கொள்ளலாமா? அவர்கள் காசின் எடை எவ்வளவோ அவ்வளவே வெள்ளி. ஒன்றுக்கு ஒன்று. அரசர் காசு மூன்றாகவே இருக்கட்டும்.

"அந்த மட்டக் காசில் என் தலையைப் போடுவீரோ?"

"கூடவே கூடாது அரசே. பொக்கிஷதாரர் தலை போதும்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்துச் சம்மதித்தார். கனகசபேசனுக்குக் கால் தரையில் இல்லை. மீசைக்கு எண்ணெய் தடவி, கடுக்கன் மாற்றி, அச்சு வெட்டுகிற தட்டான் முன்னால் விறைப்பாக உட்கார்ந்தார். மூக்கைக் கொஞ்சம் எடுப்பாக வை என்று தட்டானிடம் கெஞ்சவும் செய்தார்.

சாவடியில் பலகை மாறியது. சோற்றுக்கடைக்காரர்களும் படகுக்காரர்களும் முன்பு அரசர் காசு ஒன்றுக்குக் கொடுத்ததை இப்போது விருந்தினர் காசு ஒன்றுக்குக் கொடுத்தார்கள். சேதி குன்றநாட்டுக்குப் பறந்தது. வண்டி வண்டியாக வந்தார்கள். உத்திரத்துக்கு முன்பே ஊரில் படுக்க இடமில்லை.

அரசர் கூட்டத்தைப் பார்க்க ஆசையாய் இறங்கி நடந்தார். காதில் விழுந்ததோ வேறு. "தீவுக்குப் போய்வர இரண்டு கனகசபேசன்" என்று படகுக்காரன் கூவினான். "அரைக் கனகசபேசனுக்கு மீன் கொடு" என்றாள் ஒருத்தி. அரசர் முகம் கறுத்தது. வடிவாம்பாள் சோற்றுக்கடையில் புகுந்து, தன் காசை எடுத்து நீட்டினார்.

வடிவாம்பாள் கும்பிட்டாள். ஆனால் காசைத் தொடவில்லை. "இதுக்குச் சில்லறை தரக் கடையிலே இல்லீங்க மகாராசா. உங்க காசை இங்கே யாரும் செலவழிக்கிறதில்லை. அருவிக்குப் போறப்போ ஆகும்னு பெட்டியிலே பூட்டி வெச்சிருக்கோம். புழங்குறது இவர்தான்" என்று கனகசபேசனைத் தூக்கிக் காட்டினாள்.

அரசர் கூட வந்திருந்த மந்திரி பக்கம் திரும்பினார். "மந்திரி, என் ஊரில் ஊரார் கையெல்லாம் இவன் தலையா? எடுத்துப் போடும். அந்தக் காசில் என் தலையை வையும்."

"வைக்கலாம் அரசே. ஆனால் அந்தக் காசு ஒன்றுக்கு ஒன்று. மூன்று என்றால் தலை பெட்டிக்குள் இருக்கும். ஒன்று என்றால் ஊரார் கையில் இருக்கும். எது வேண்டும்?"

அரசர் கையிலிருந்த தன் காசைப் பார்த்தார். பெட்டியை நினைத்தார் போலும். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஊரார் கை போதுமய்யா" என்றார்.

பழைய மூன்று போயிற்று. கனகசபேசன் காசையெல்லாம் உருக்கினார்கள். அவரைச் சாவடியில் உட்காரவைத்தார் அரசர். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் எழுந்து வணக்கம் சொல்லி, காசு மாற்றித் தருவது வேலை. முதல் நாளே அருவியிலிருந்து மாமியார் திரும்பி வந்தாள். அவளுக்கும் எழுந்துதான் நின்றார்.

தண்டோராவுக்கு மந்திரி வாசகம் சொல்லிக்கொடுத்தார்: அரசர் தம் கருணையால் காசைச் சீர்செய்தார் என்று. கேட்டுக்கொண்டிருந்த அரசர் கையமர்த்தினார். தன் கழுத்து மாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். வாசகத்தையும் மாற்றினார். அதுதான் அவர் ஆட்சியிலேயே பெரிய காரியம் என்பேன். அன்று தெருத்தெருவாய்ப் போன தண்டோரா இதுதான்:

"காசைக் கெடுத்தது அரசர். சரிசெய்தது மந்திரி செவ்வந்தியப்பன்."