ராஜாவுக்கு முன்கூட்டியே ஒப்பாரி

முன்னொரு காலத்தில் கரும்பேரி நாட்டைக் கொற்றவேல் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் மண்டைக்குள் ஒன்று புகுந்துவிட்டால் லேசில் இறங்காது. ஒருநாள் இது புகுந்தது: செத்தால் எனக்கு எப்படி ஒப்பாரி வைப்பார்கள்? உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

மந்திரி செங்கோடருக்கு வாய் சும்மா இருக்காது. "உயிருள்ள உடம்புக்கு ஒப்பாரியா? நன்றாயில்லை மன்னா," என்றார்.

ஆஸ்தானப் புலவர் ஏகாம்பரம் இதற்குத்தான் காத்திருந்தார். மந்திரி பதவிமேல் அவருக்கு நெடுநாளாய்க் கண். "மந்திரியாருக்கு அழ வராது மகாராஜா. பாசம் இருந்தால்தானே வரும்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "இரண்டு பேரும் பாடுங்கள். கண்ணீர் வரவழைப்பவர் மந்திரி. மற்றவர் பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும்."

செங்கோடர் யோசித்தபடி வீட்டுக்கு நடந்தார். நரைத்த தலையோடு எந்த ஊரில் போய் அடுப்பு மூட்டுவது?

மறுநாள் அரசவை நடுவில் பாடை. கோடி வேட்டி போர்த்திக்கொண்டு ராஜா நீட்டிப் படுத்தான்.

புலவர் பாடினார். சூரியன் சாய்ந்தது, மேருமலை இடிந்தது, எட்டுத்திக்கு யானையும் அழுதது. அவையில் ஒரு கண் நனையவில்லை. பிணமே கொட்டாவி விட்டது.

"மேருமலை இடிந்தே வராத கண்ணீர், இவர் தொண்டைக்கா வரப்போகிறது?" என்று புலவர் துண்டை உதறி உட்கார்ந்தார்.

செங்கோடர் ராஜாவின் முகத்தைப் பார்த்தார். ஜெயித்த போரையும் வெட்டின குளத்தையும் பாடினால் இவன் மீசைதான் துடிக்கும். அழுகை செய்ததற்கு வராது, செய்யாமல் விட்டதற்குத்தான் வரும். துணிந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். குரல் கரகரப்பு. ராகம் சுத்தமாய்க் கிடையாது.

"ஆத்தோரம் தூண்டில் போட ஆசைப்பட்ட மகராசா,
தூண்டிமுள்ளு துருப்பிடிக்கத் தூரதேசம் போறியே."

பாடையிலிருந்து குரல் வந்தது. "அறுவடை முடியட்டும் என்றுதானே சொன்னேன்?"

"பிணம் பேசக்கூடாது மன்னா."

அவையில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். செங்கோடர் சிரிக்கவில்லை. அடுத்தது தலைபோகிற பாட்டு. ராஜாவின் தங்கை பொன்னரசி பக்கத்து நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணச் சீரில் ஏதோ குறை என்று பேச்சு தடித்து, அண்ணனும் தங்கையும் முகம் பார்ப்பதில்லை. ஆனால் அவள் பிடிவாதக்காரி. மகளுக்குத் தாய்மாமன் மடியில்தான் காது குத்துவேன் என்று, பெண் தாவணி போடும் வயதாகியும் காத்திருந்தாள். அரண்மனையில் அவள் பேரைச் சொன்னால் கசையடி.

செங்கோடர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

"மாமன்மடி வருமுன்னு மூளிக்காதா நிக்கிறாளே,
மடியிருந்தும் குடுக்காம மண்ணுக்குள்ள போறியே."

கசையடியை எதிர்பார்த்துக் கண்ணைத் திறக்காமலே இருந்தார்.

"அவளே வந்து கூப்பிடட்டும் என்றிருந்தேன்." இந்தமுறை குரல் சின்னதாய் வந்தது.

"பிணத்தை யார் கூப்பிடுவார்கள் மன்னா?"

ராஜாவின் காதோரம் ஈரம் இறங்கியது. சட்டென்று எழுந்தான். "தேரைப் பூட்டு."

புலவர் குறுக்கே வந்தார். "இன்று அஷ்டமி மகாராஜா. வளர்பிறையில் நல்லநாள் பார்த்து..."

"நல்லநாள் பார்த்துப் பார்த்துத்தான் நான் இதில் படுத்தேன். இப்போது நீர் படுத்துப் பாரும்."

படுத்தார். "இவருக்கு யாராவது ஓரடி பாடுங்கள்," என்றான் ராஜா. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு கிழக் காவலாளி மட்டும் நன்றாய்த் தேடிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தோணலைங்க," என்றான். புலவர் தாமே எழுந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஊர் எல்லைப் பக்கம் நடந்தார்.

ராஜா தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றிச் செங்கோடர் கையில் வைத்தான். "நான் வரும்வரை நாடு உம்முடையது. நான் உயிரோடிருந்தே சாகாமல் பார்த்துக்கொண்டீர், அதற்கு."

தங்கை வீட்டில் மருமகள் அவன் மடியில் உட்கார்ந்தபோது அவள் கால் தரையைத் தொட்டது. ராஜாவுக்கு முழங்கால் விண்ணென்றது.

"கனக்கிறேனா மாமா?"

"கனக்கட்டும்டி," என்றான். ஆசாரி ஊசியை எடுத்தார். பெண் அழவில்லை. மாமன்தான் அழுதான்.