துணி கட்டிய கத்தரிக்காய்

சின்ன வெங்காயத்தை உரித்து, தோலை மக்கு உரப் பானையில் போட்டுக்கொண்டே பூமயில் கேட்டாள்.

“குருவே, என் மண்ணுல என்ன குறை?”

குரு என்று அவள் கூப்பிட்டது பக்கத்து வீட்டு மெகருன்னிசாவை. பூமயிலைவிட வயதில் சின்னவள். வீட்டில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். துணி காயப்போடவே பத்தாத இந்தச் சந்து வீட்டு முற்றத்தில், சிமென்ட் சாக்கில் மண் நிரப்பிச் செடி வளர்க்கலாம் என்று காட்டிக்கொடுத்தவள் அவள்தான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் மட்டும் அவளுக்குக் கிடையாது.

மெகரு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். மோந்து பார்த்தாள். திரும்பப் போட்டாள்.

“மண்ணு நல்லாத்தான் இருக்கு. யாரு குறை சொன்னது?”

“காய் சொல்லுது.”

முறத்தில் கத்தரிக்காய்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு.

“எங்கம்மா வச்ச காய் இப்படியா இருக்கும்? ரயில்வே குவார்ட்டர்ஸ்ல, பின்னாடி குழாயடியில நாலே செடி. எண்ணெயில வதக்கி ஒண்ணு வச்சா சோத்துத் தட்டுல பாதிய மறைச்சிரும். அதே விதைதான் இது. என் கல்யாணத்துக்கு அம்மா துணியில முடிஞ்சு குடுத்தது. வருஷத்துக்கு வருஷம் சுருங்குது. போன தடவ அப்பா சாப்பிட்டுட்டு, ‘கடையில வாங்கினதாம்மா’ன்னு கேட்டாரு.”

அம்மா போன பிறகு, அம்மா கையிலிருந்து வந்தது என்று அவளிடம் மிஞ்சியிருந்தது இந்தச் செடி ஒன்றுதான்.

“இன்னைக்கு மறுபடி வர்றாரு. மத்தியானச் சாப்பாடு இங்கதான். நல்லவேளை, இந்த வருஷம் ஒண்ணே ஒண்ணு தப்பிச்சு வந்திருக்கு. வா, காட்டுறேன்.”

சுவரோரச் சாக்கில், இலைக்கு அடியில், ஒரு பெரிய காய் தொங்கியது. ஊதா நிறம். தொட்டால் வழுக்கும் போலிருந்தது. காம்பில் ஒரு சிவப்புத் துணி முடிச்சு.

“துணி எதுக்குக்கா?”

“கண்ணு படாம இருக்கத்தான். எங்கம்மாவும் இப்படித்தான் கட்டும். செடியில எது நல்லா வருதோ, அதுல சேலைக் கிழிசல்ல ஒரு முடிச்சு.”

“கட்டி?”

“கட்டி, முழுசா வளர்ந்ததும் பறிச்சு வதக்கிருவேன். ஊர் கண்ணுக்கு முன்னாடி நம்ம வாய் முந்திக்கணும்ல.”

மெகரு சிரிக்கவில்லை.

“விதைக்கு?”

“அதுக்கென்ன, கடைசியில சூம்பிப்போய் ஒண்ணு ரெண்டு இலை மறைவுல பழுத்துக் கிடக்கும். அது போதாதா? நான் எதையும் வீணாக்குறதில்ல, தெரிஞ்சுக்க.”

“உங்கம்மா அந்தத் துணி கட்டின காய வதக்கிப் போட்டிருக்காங்களாக்கா?”

“போடாம?”

வாய் சொல்லிவிட்டது. மனசு பின்னால் தேடிக்கொண்டு போனது.

குழாயடி. பள்ளிக்கூடம் விட்டு வந்த பசி. இலைக்கு நடுவில் துணி கட்டிய காய். அவள் கை நீட்டுகிறாள். புறங்கையில் லேசாக ஓர் அடி.

“அதத் தொடாத மயிலு.”

பிறகு அந்தக் காய் செடியிலேயே பழுத்தது. மஞ்சளாகி, தோல் சுருங்கி. இவ்வளவு பெரிய காயை அம்மா மறந்துபோய்ப் பாழாக்கிவிட்டாளே என்று இவள் அழுதிருக்கிறாள். கொஞ்ச நாள் கழித்து, முறத்தில், சாம்பலில் புரட்டிய விதை வெயிலில் காய்ந்தது.

“குருவே” என்றாள் பூமயில். கண் துணி கட்டிய காய்க்குப் போனது.

மெகரு முறத்தோரம் கிடந்த கத்தியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“அப்பா வர்ற நேரமாச்சுல்ல. சமையலப் பாருங்கக்கா.”

போய்விட்டாள். அடுத்த வீட்டில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

பூமயில் கத்தியோடு செடி முன்னால் நின்றாள்.

அப்பாவுக்கு இப்போதெல்லாம் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அடுத்த காய்ப்புக்கு வருவாரோ, என்னவோ. ஒரே ஒரு வாய், அம்மா வைத்த மாதிரி அவர் சாப்பிட்டுவிட்டால்.

காயைத் தொட்டாள். வெயில் ஏறிச் சூடாக இருந்தது.

அப்பா வந்தார். கை கழுவி உட்கார்ந்தார். தட்டில் எலுமிச்சை அளவுக் காய்களைப் பார்த்தார். ஒன்றை விரலால் உருட்டினார்.

“பெருசு ஒண்ணு செடியில நிக்குதுப்பா” என்றாள், தலை நிமிராமல். “உங்களுக்குன்னுதான் வச்சிருந்தேன். பறிக்கல. கோவிச்சுக்காதீங்க.”

“துணி கட்டியிருக்கா?”

“ம்.”

அப்பா காயைப் பிட்டு வாயில் போட்டார். மெதுவாக மென்றார்.

“உங்கம்மா மட்டும் எனக்கு என்னைக்கும்மா பெருசப் பறிச்சுப் போட்டா?”

உள்ளே தூங்கி எழுந்த பிள்ளை, “அம்மா!” என்று கூப்பிட்டது.

“இருங்கப்பா, வந்து ரசம் ஊத்துறேன்” என்று பூமயில் எழுந்தாள். நிலைப்படியில் நின்று திரும்பினாள். “அடுத்த வருஷம் பாருங்க, பெருச விதைக்கு விட்டுட்டு, நம்ம தட்டுக்கு வர்ற ரெண்டாவது காயே பாதித் தட்ட மறைச்சிரும்.”