எறும்புத்தின்னி செதில் கேட்ட கதை

மிருகங்கள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் எறும்புத்தின்னிக்குச் செதில் கிடையாது. எலிக்குஞ்சைப் போல மெல்லிய தோல். ஆனால் மண் தோண்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. முயலுக்கும் நரிக்கும் அதுதான் வளை தோண்டிக் கொடுத்தது.

மழைக்காலம் நெருங்கியபோது, நிறைமாதக் கீரி ஒன்று அதனிடம் வந்து ஓடைக்கரையில் வளை கேட்டது. எறும்புத்தின்னி பகல் முழுக்கத் தோண்டியது. கீரி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

"அண்ணே, மேட்டுப் பக்கமா இன்னொரு வழி வெட்டிக் குடுங்க. ஓடை பொங்கினா குட்டிங்க எப்படி வெளிய வரும்?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. எறும்புத்தின்னிக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"நாளைக்கு வெட்டறேன் தங்கச்சி. மழைக்கு இன்னும் நாளிருக்கு."

ஈசல் பறந்தால் மழை கிட்டத்தில் என்று அதற்குத் தெரியும். தெரிந்தேதான் போனது. மறுநாளும் வேறு புற்று, வேறு ஈசல்.

கீரி குட்டிகளை ஈன்றது. அவற்றை வளையில் விட்டுவிட்டு அது இரை தேடப் போன ஒரு காலையில், மலையில் பெய்த மழை ஓடையில் வந்து இறங்கியது. கீரியின் அலறல் கேட்டு எறும்புத்தின்னி ஓடி வந்தது. மேட்டுப் பக்கமாகத் தோண்டியது. நகம் பிய்ந்து ரத்தம் வழிந்தும் நிறுத்தவில்லை. வழி திறந்தபோது, குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக விறைத்துக் கிடந்தன. கீரி அவற்றைக் கவ்வி எடுத்துப் புல்லில் கிடத்தியது.

அன்றைக்கு எறும்புத்தின்னிக்கு ஒரு குரல் கேட்க ஆரம்பித்தது. 'நாளைக்கு வெட்டறேன்னு சொன்னியே' என்றது. அது உண்மைதான். சில நாளில், 'ஈசலுக்காகப் பச்சைக் குட்டிகளைக் கொன்னவன் நீ' என்றது. பிறகு, 'நீ தோண்டினது எதுவும் வளை இல்ல, எல்லாமே சவக்குழி' என்றது. எறும்புத்தின்னி தோண்டுவதை விட்டது. தின்பதையும் விட்டது.

காடுதான் பேசுகிறது என்று அது நினைத்தது.

"என்னைப் பத்தி என்ன சொன்னே?" என்று முயலைப் பிடித்து உலுக்கியது.

"நான் வாயே திறக்கலியே அண்ணே!"

அது நம்பவில்லை. நேரே காட்டைக் காக்கும் வனத்தாயிடம் போய் விழுந்தது.

"ஆத்தா, காடே என்னை ஏசுது. ஒரு சொல்லும் உள்ளே நுழையாத தோலாக் குடு."

"ஏசுறது வெளியே இருந்துதான் வருதா? நல்லாக் கேட்டியா?"

"வேற எங்கேருந்து வரும்?"

வனத்தாய் தயங்கினாள். "போட்டா அப்புறம் கழற்ற முடியாதுடா."

"போடு ஆத்தா."

அடுக்கடுக்காகச் செதில் மூடியது. எறும்புத்தின்னி முகத்தை வயிற்றுக்குள் புதைத்து, வாலால் தன்னைச் சுற்றிக்கொண்டது. காற்றும் தவளையும் ஓடையும் ஓய்ந்தன. அந்த அமைதியில் ஒரே ஒரு குரல் மட்டும் மிஞ்சியது. முன்பாவது மற்ற சத்தங்களில் அது கொஞ்சம் அமுங்கும். இப்போது ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

காடெல்லாம் தேடிக் கீரி அங்கே வந்து சேர்ந்தது.

"அண்ணே, உங்க மேல கோவம் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லமாட்டேன். நானும்தானே விட்டுட்டுப் போனேன்? நகம் பிய்யப் பிய்ய நீங்க தோண்டினதைப் பார்த்தேன். எந்திரிங்க, ஏதாச்சும் சாப்பிடுங்க."

அதில் ஒரு சொல்லும் செதிலுக்குள் நுழையவில்லை. கீரி காலால் செதிலை மெல்ல வருடியது. தண்டிக்க வந்துவிட்டார்கள் என்று எறும்புத்தின்னி இன்னும் இறுகிக்கொண்டது. வெயில் சாயும் வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கீரி எழுந்து போனது.

கொல்ல வந்தவரா தேற்ற வந்தவரா என்று பாராமல், யார் தொட்டாலும் அது சுருண்டுகொள்வது அன்று முதல்தான். வருந்துவதற்கு அழுங்குதல் என்று ஒரு பழைய சொல் உண்டு. எறும்புத்தின்னிக்கு அழுங்கு என்று பெயர் வந்ததும் அன்று முதல்தான்.