ஒன்பதாம் மதகு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செங்கரை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் ஒரு ஆணை போடுவான், சாயங்காலம் அதை மாற்றுவான். ஆனாலும் தன் ஆணைகள் மேல் அவனுக்கு அப்படியொரு பிரியம்.

அந்த நாட்டுக்குச் சோறு போட்டது ஒரே ஒரு பெரிய ஏரி. அதன் கரையைக் காக்கவும், மதகுகளைத் திறந்து மூடவும் முந்நூறு பேர் அரசாங்க வேலையில் இருந்தார்கள். மாசி மாதம் அவர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அரசவைக்கு அனுப்புவார்கள். தலைக்கு எவ்வளவு நெல், மழைக்காலத்தில் மதகுக்கு எத்தனை ஆள், தண்ணீரில் போனவன் குடும்பத்தை யார் பார்ப்பது என்று எல்லோருக்குமாக அவர் பேசி முடிப்பார். ஆறு வருஷமாக அப்படி வந்தவன் உடையாண்டி. நீரில் மூழ்கி மதகின் அடைப்பைத் திறப்பது அவன் வேலை.

அந்த மாசியில், கரை உறுதியாக இருக்கிறதென்று தளவாய் உக்கிரசேனன் சபையில் சொல்லிக்கொண்டிருந்தான். உடையாண்டி எழுந்து, மூன்று இடத்தில் கசிகிறது என்றான். ராஜா ஆள் அனுப்பிப் பார்த்தான். கசிவு இருந்தது. சபையில் நாலு பேர் சிரித்தார்கள். தளவாய்க்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் தைத்துவிட்டது.

மறுவாரம் அவன் ராஜாவின் காதில் ஓதினான். "முந்நூறு பேர் ஒரே வாயால் பேசுகிறார்கள், மகாராஜா. இந்த நாட்டில் அப்படிப் பேசத் தாங்கள் ஒருவர்தானே இருக்க வேண்டும்?"

அன்றே ஆணை பிறந்தது. இனி ஏரிக்காரர்கள் உட்பட அரசாங்க வேலையில் இருக்கும் யாரும் தங்களுக்கென்று ஆள் வைத்துப் பேசக்கூடாது. குறை இருந்தால் ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து தன் சொந்த விஷயத்தை மட்டும் மன்னரிடம் சொல்லலாம். ஆள் கணக்கு, கரை, மதகு பற்றி வாய் திறக்கக்கூடாது. அரண்மனைக் காவலர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் தளவாயின் ஆட்கள்.

அமைச்சர் பூதலிங்கம் அன்று சபையில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஏரிக்காரர்களின் கூட்டம் கலைந்தது. இனி எதையும் கேட்டு வாங்க வழியில்லையென்று நூறு பேருக்கு மேல் வேறு நாடு போனார்கள். முன்பெல்லாம் ஆடியில் ஊர்மக்கள் நாட்டுச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, தண்ணீர் விஷயத்தில் யாரை நம்பலாமென்று ஏரிக்காரர்கள்தான் ஊர் ஊராகப் போய்ச் சொல்வார்கள். இந்த ஆடியில் சொல்ல யாருமில்லை. சபை முழுக்கத் தளவாயின் மைத்துனன்மாரும் மாமன்மாரும் வந்து உட்கார்ந்தார்கள். ராஜா எதைக் கேட்டாலும் ஆமாம் என்றார்கள். அவனுக்கும் அது சுகமாகத்தான் இருந்தது.

புரட்டாசியில், மழைக்கு முன் மதகுகளைச் சோதிக்கும்போது, ஒன்பதாம் மதகில் உடையாண்டி மூழ்கி இறந்தான். அவன் கவனக்குறைவு என்று தளவாய் சொன்னான். ராஜா நம்பினான்.

பூதலிங்கம் மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நாலாம் நாள் ராஜாவிடம் போனார். உடையாண்டி பேச்சையே எடுக்கவில்லை. தங்கள் ஆணை பாதிதான் நடக்கிறது, தனித்தனியே வந்து பேசலாமென்று அதில் இருந்தும் இதுவரை ஒருவரையும் அழைக்கவில்லையே என்று மட்டும் கேட்டார். தன் ஆணை பாதியில் நிற்கிறதென்றதும் ராஜாவுக்கு ரோஷம் வந்தது. எல்லோரையும் வரிசையாக வரச் சொன்னான்.

முதலில் வந்தவன் தனக்கு முழங்கால் வலி என்றான். அடுத்தவன் தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றான். பத்துப் பேர் போனதும் ராஜாவுக்குச் சலித்தது. "அதிருக்கட்டும், கரை எப்படி இருக்கிறது?" என்று கேட்டான்.

"அது என் விஷயம் இல்லைங்க, மகாராஜா."

அடுத்தவனும் அதையேதான் சொன்னான். அதற்கடுத்தவனும். இரண்டு நாள், நூற்றெண்பது பேர், ஒரே பதில். வெளியே மேகம் கட்டியிருந்தது. ராஜா நாட்டுச் சபையாரைத் திரும்பிப் பார்த்தான். கரை பிரமாதமாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் சொல்லை நம்ப முடியவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் கடைசியாக வந்தவள் பேச்சி. உடையாண்டியின் மனைவி. அவளும் ஏரிக்காரிதான், கரைக்கு மண் சுமப்பவள். அவளைக் கடைசியில் நிறுத்தியது பூதலிங்கம்.

"என் சொந்த விஷயத்தைச் சொல்லலாங்களா?"

"சொல்."

"என் சொந்த விஷயம் என் புருஷன்."

தளவாய் எழுந்து தடுக்கப் பார்த்தான். ஆணைப்படி அவள் பேசலாம் என்றார் பூதலிங்கம்.

"ஒன்பதாம் மதகு வாயில இருக்கிற கல்லு ஆடுது. ஒருத்தர் முங்கினா இன்னொருத்தர் மேலே கயிறு பிடிக்கணும். மூச்சு முட்டினா கீழேருந்து மூணு தடவை இழுப்பாங்க. இந்த வருஷம் பிடிக்க ஆள் இல்லை. கேக்கவும் கூடாதுன்னுட்டீங்க. கரையில கட்டியிருந்த கயிறு ஆடினதைப் பாத்து, நான் கூடையைப் போட்டுட்டு ஓடிவந்து இழுத்தேன். கயிறு மட்டும் வந்துச்சு."

ராஜா தளவாய் பக்கம் திரும்பினான். "ஒன்பதாம் மதகு எந்தப் பக்கம் இருக்கிறது?"

தளவாய் வடக்கே கை காட்டினான்.

"வடகரையில் ஏழு மதகுதான், மகாராஜா," என்றார் பூதலிங்கம்.

யாரும் சிரிக்கவில்லை. தளவாயின் வாளை அங்கேயே வாங்கி வைத்து அவனைப் பதவியை விட்டு அனுப்பினார்கள். ஆணையை ராஜா தன் கையாலேயே கிழித்தான். கழுத்து மாலையைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை. "மாசியிலேயே பேசியிருக்க வேண்டியவன் நான். அன்று பேசியிருந்தால் இவள் புருஷன் இருந்திருப்பான்," என்றார்.

வெளியே நின்ற ஏரிக்காரர்களை உள்ளே அழைத்து, உங்களில் ஒருவரை இப்போதே தேர்ந்தெடுங்கள் என்றான் ராஜா. ஒருவரும் முன்னால் வரவில்லை. போனவர்கள் திரும்பவில்லை, நாட்டுச் சபையில் தளவாயின் உறவுக்காரர்கள் இன்னும் இருந்தார்கள். நாளைக்கு ராஜா மனசு மாறினால்? ஒரு வாரம் அவகாசம் கேட்டார்கள்.

எட்டாம் நாள் வந்தார்கள். முன்னால் பேச்சி நின்றாள். தலைக்கு எவ்வளவு நெல் வேண்டும் என்று ராஜா தொடங்கினான்.

"அது நாளைக்குப் பேசலாங்க. முதல்ல மதகுக்கு ரெண்டு ஆள்."

ராஜா சரி என்றான். அன்று சாயங்காலமே ஒன்பதாம் மதகுக்கு இரண்டாவது ஆள் போய்ச் சேர்ந்தான். நாலு நாளில் மழை பிடித்துக்கொண்டது.